கோவாவில் உடல், உரோமையில் கை

பழைய கோவாவின் பொம் இயேசு பேராலயத்துக்குள் நுழைகிறவர்கள் வலப்புறச் சிற்றாலயத்தில் அண்ணாந்து நிற்பார்கள். புனித சவேரியாரின் உடலைத் தாங்கிய வெள்ளிப் பேழை அங்கே உயரத்தில் இருக்கிறது. 1630களில் கோவாத் தட்டார்கள் செய்த வேலை அது. அதைத் தாங்கும் பளிங்குக் கல்லறை மாடம் தஸ்கனிக் கோமகன் மூன்றாம் கோசிமோவின் காணிக்கை; சவேரியாரின் தலைக்கடியில் இருந்த தலையணையைப் பெற்றதற்கு நன்றியாக அனுப்பியது. பிளாரன்ஸ் சிற்பி பொஜ்ஜினி வடித்த அந்த மாடம் 1698இல் இங்கே நிறுவப்பட்டது.

பேழையைப் பார்க்கும் ஆவலில் பலரும் கவனிக்காமல் விடுவது மாடத்தைச் சுற்றியுள்ள வெண்கலப் புடைப்புச் சிற்பங்களை. மொத்தம் நான்கு. அவற்றில் ஒன்றில் சவேரியார் திருமுழுக்கு அளிக்கிறார். தமிழர் நின்று பார்க்க வேண்டியது அதைத்தான்.

1542 மே மாதம் கோவாவில் இறங்கிய சவேரியார், அந்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். அங்கிருந்த பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றது அவர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே. அவர்களுக்கு மறைக்கல்வி தர ஆளில்லாமல் இருந்தது. மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். திருமுழுக்கு அளித்தே கை ஓய்ந்துபோகிறது என்று 1544இல் கடிதம் எழுதினார். அவ்வாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்கு அளித்ததாகவும் எழுதியிருக்கிறார்.

அந்தக் கை கோவாவில் இல்லை. 1552 டிசம்பர் 3இல் சீனக் கரையோரம் சான்சியன் தீவில் இறந்தவரின் உடல், மலாக்கா வழியாக 1554இல் கோவா சேர்ந்தது. 1614இல் இயேசு சபைத் தலைவரின் ஆணைப்படி வலது முன்கையை வெட்டியெடுத்து உரோமைக்கு அனுப்பினார்கள். இன்று அது அங்குள்ள ஜெசு ஆலயத்தில் இருக்கிறது. புனிதர் பட்டமே 1622இல்தான் வந்தது. அதற்குள் என்ன அவசரமோ!

   

உரோமையிலுள்ள கை 2018இல் கனடாவுக்குச் சென்று பல நகரங்களில் வணக்கத்துக்கு வைக்கப்பட்டது. அது ஓய்ந்துபோக உழைத்த மணப்பாட்டுக்கும் கோட்டாற்றுக்கும் அவ்வாறே அதை அனுப்பித் தருமாறு தென்கடற்கரை மறைமாவட்டங்கள் கூடி உரோமையிடம் விண்ணப்பிக்க வேண்டும்.