வாக்குறுதியும் சட்டமும்

காபன் நடுநிலை என்பது இன்று பெருங் கம்பனிகள் விரும்பி உச்சரிக்கும் சொற்றொடர். தாம் வெளியேற்றும் காபனீரொட்சைட்டைக் குறைத்து, எஞ்சியதற்கு ஈடான அளவை வளிமண்டலத்திலிருந்து அகற்றுவதாக அவை உறுதி கூறுகின்றன. இவ்வுறுதியின் பெறுமதி யாது? வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, இங்கிலாந்தின் சென் ஹெலென்ஸ் போன்ற நகரங்களில் உப்பிலிருந்து சோடா செய்யும் ஆலைகள் பெருகின. அவை கக்கிய ஐதரோக்குளோரிக்கமில வாயு மரங்களைக் கருக்கியது, பயிர்களை அழித்தது. அவ்வாயுவை நீர் சொரியும் கோபுரத்திற் கரைத்துப் பிடிக்கும் முறையை வில்லியம் கொசேஜ் 1836இலேயே கண்டுவிட்டார். கருவி இருந்தது, கட்டாயம் இருக்கவில்லை. தம் நிலங்கள் கருகக் கண்ட நிலப்பிரபுக்கள் கிளர்ந்தெழுந்த பின்னரே, டேபி பிரபுவின் முயற்சியால் 1862இற் பிரபுக்கள் சபைக் குழுவொன்று விசாரணை நடத்தியது. வாயுவில் 95 வீதத்தைத் தடுத்தல் வேண்டுமென 1863ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. றொபேட் அங்கஸ் சிமித் என்ற இரசாயன அறிஞர் அரசாங்கப் பரிசோதகரானார். வேறு வாயுக்களை அச்சட்டம் தொடவில்லை. எனினும், ஆலைக்குள் வெளியார் புகுந்து அளக்கும் உரிமை அன்று நிலைநாட்டப்பட்டது.

இனி நம் காலத்துக்கு வருவோம். கம்பனிகள் தம் வாயுக்களைக் கணக்கிடும் நெறிமுறையொன்று 2001இல் வெளியாயிற்று. கம்பனி தானே எரிப்பது முதலாங் கூறு. வாங்கும் மின்சாரத்தால் எழுவது இரண்டாங் கூறு. விற்ற பொருளைப் பிறர் எரிப்பது உட்பட ஏனையவை மூன்றாங் கூறு. எண்ணெய்க் கம்பனியொன்றின் வாயுவிற் பெரும்பங்கு இந்த மூன்றாங் கூற்றிலேயே அடங்கும். ஆனால் அந்நெறிமுறை அக்கூற்றைக் கட்டாயமாக்கவில்லை.

பிரித்தானிய எண்ணெய்க் கம்பனியான பி.பி., 2050ஆம் ஆண்டளவில் நிகர பூச்சியத்தை எய்துவதாக 2020இல் அறிவித்தது. எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 2030க்குள் 40 வீதத்தாற் குறைப்பதாகவும் கூறியது. உக்ரேன் யுத்தத்தையடுத்து 2022இல் விலைகள் ஏறின, இலாபம் பெருகியது. 2023 பெப்புருவரியில் 40 என்பது 25 ஆயிற்று. 2025 பெப்புருவரியில், உற்பத்தியைக் குறைக்கும் இலக்கைக் கைவிட்டு அதனைப் பெருக்கவே அக்கம்பனி தீர்மானித்தது. தானே இட்ட கோட்டைத் தானே அழித்தது; தடுக்க எச்சட்டமும் இருக்கவில்லை.

கணக்கெழுதுதல் வீணென்று நாம் கூறவில்லை. அளக்கப்படாத ஒன்றைக் கட்டுப்படுத்த இயலாது. ஆயின் ஏட்டை எழுதுபவரே இலக்கை வகுத்து, அவரே அதனைத் திருத்தவும் இயலுமாயின், அவ்வேடு விளம்பரமாகவே முடியும். இலாபம் ஈன்ற வாக்குறுதியை இலாபமே விழுங்கிவிடும்.

அன்று நிலப்பிரபுக்கள் தம் தோட்டங்களுக்காகப் பெற்ற சட்டத்தை, இன்று மக்கள் உலகின் வளிக்காகக் கோருதல் வேண்டும். கம்பனியொன்று உறுதிமொழி வாசிக்கும்போது நாம் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு: அளப்பவர் யார்? தவறினால் தண்டிப்பவர் யார்?