காலம் பிழையாமையும் சொல் பிழையாமையும்



காலந் தவறாமை மேனாட்டார் கொணர்ந்த வழக்கமென்றும், கடிகாரமும் புகைவண்டியும் வருமுன் நம் முன்னோர் பொழுதைப் பொருட்படுத்தாது வாழ்ந்தனரென்றும் நம்மவருட் சிலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்துமா என்பதைக் காவிரிக் கரையின் வரலாறு கொண்டே ஈண்டு ஆராய்வாம்.

பண்டைத் தமிழர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை இக்காலக் கணக்கில் 24 நிமிடமாகும். வட்டிலில் நீரிட்டு அதனை அளந்தறிவித்தோர் நாழிகைக் கணக்கர் எனப் பெயர் பெற்றனர். காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார், தமது முல்லைப்பாட்டில், பாசறையில் அரசனுக்குப் பொழுதறிவிப்போரைக் கூறுமிடத்து, அவர்களைப் பொய்த்தலறியாதவர் எனச் சிறப்பிக்கின்றார். காலத்தைக் காத்தலும் வாய்மையைக் காத்தலும் ஒன்றே என்னும் கொள்கை இதனாற் புலனாகும்.

இக்கொள்கை தொழில்முறையாய் நிலைபெற்ற இடங்களுள் ஒன்று திருவரங்கம். பெரிய கோயிலின் பணியாளரை இராமாநுசர் கொத்துக்களாய் வகுத்து, அவரவர்க்குரிய கடமைகளை வரையறுத்தார் என்று கோயிலொழுகு கூறும். நீர் கொணர்வோர் பிந்தின் திருமஞ்சனம் பிந்தும். மடைப்பள்ளியார் பிந்தின் தளிகை பிந்தும். தளிகை பிந்தின் சேவிக்க வந்தோர் யாவரும் காத்திருப்பர். ஒருவன் தவறு பலர் தலைமேல் விழும் என்பதை அறிந்தே முன்னோர் இவ்வொழுங்கை அமைத்தனர்.

நாகப்பட்டினத்திலிருந்து வந்த இருப்புப்பாதை 1862இல் திருச்சிராப்பள்ளியை எட்டிற்று. அதுகாறும் ஒவ்வோரூர்க்கும் தன் தன் உச்சிப்பொழுதே அளவாயிருந்தது. சென்னையில் ஞாயிறு உச்சியடைந்து ஏறத்தாழ 6 நிமிடஞ் சென்றே திருச்சியில் உச்சியாகும். ஊர்க்கொரு பொழுது கொண்டு வண்டி ஓட்டுதல் இயலாமையின், 1792இல் நிறுவப்பெற்ற சென்னை வானாராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த சென்னை நேரம் இருப்புப்பாதைகளுக்கு அளவாயிற்று. பின்னர் 1906 ஜனவரி 1 முதல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. இதன்படி நம்மூரில் ஞாயிறு உச்சியடைவது, சராசரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கால்மணி பிந்தியேயாம்.

நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய இருப்புப்பாதைத் தொழிற்சாலை 1928இல் பொன்மலைக்கு வந்தபின், ஆயிரக்கணக்கான குடும்பங்களின் உணவும் உறக்கமுங்கூட மணிக்கணக்கில் அமைந்தன. ஆயினும் மாறியது அளவேயன்றி அறமன்று. நாழிகை மணியாயிற்று, பொய்யாமை பொய்யாமையாகவே நின்றது.

இங்கே நாம் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. தொழிற்சாலையிற் பிந்தினவனுக்குக் கூலி குறையும். நிலையத்திற் பிந்தினவனை வண்டி விட்டுச் செல்லும். அச்சமே அவ்விடங்களில் ஒழுங்கைக் காக்கின்றது. ஆனால் திருமணத்துக்கு நகை செய்து தர ஒப்பிய பொற்கொல்லரையும், வழக்கு நாளுக்கு முன் பத்திரம் எழுதித்தர ஒப்பிய எழுத்தரையும், பாடம் முடித்துத்தர ஒப்பிய ஆசிரியரையும் எழுப்ப எந்தச் சங்கும் ஊதுவதில்லை. அவர்களுக்குத் தாங்கள் கொடுத்த சொல்லே சங்கு. அது பொய்த்தவிடத்துக் கெடுவது ஒருவர் பெயர் மட்டுமன்று. அவர்பின் அதே தொழிலுக்கு வரும் இளைஞரும் நம்பிக்கை இழந்த வாயிலிலேயே நிற்க நேரும்.

ஆதலின், நம் சங்கத்துக் குடும்பத்தார் தம் மக்கட்குக் கைக்கடிகாரம் வாங்கித் தருமுன் இதனைக் கற்பித்தல் வேண்டும்: நாள் குறிக்குமுன் ஆராய்க, குறித்தபின் காக்க, காக்க இயலாமை நேரின், அந்நாள் வருமுன்னரே சென்று அறிவிக்க. முன்னரே அறிவித்தலும் வாய்மையின் ஒரு கூறேயாம்.