விண்ணிரும்பும் மஞ்சட் கயிறும்

மணவணிகள் ஒரு சமுதாயத்தின் அழகுணர்ச்சியை மட்டுமன்றி, அச்சமுதாயம் உழைப்பை எவ்வாறு மதிக்கின்றது என்பதனையும் உணர்த்துவன. விண்கல் இரும்பையும் இருளில் ஒளிரும் பொருள்களையும் பதித்துக் கையாற் செய்யப்படும் திருமண மோதிரங்கள் அண்மைக் காலத்தில் மேலைநாட்டுச் சந்தையில் இடம்பெற்றுள்ளன. மாத்தளை மாவட்டத்து எல்கடுவ மலைத் தோட்டங்களிற் கட்டப்படும் தாலியோடு இவற்றை ஒப்புநோக்குமிடத்து, ஒரு பொருளின் பெறுமதி எங்கிருந்து பிறக்கின்றது என்னும் வினா தெளிவு பெறுகின்றது.

விண்ணிரும்பின்மீதான நாட்டம் புதியதன்று. 1621 ஏப்ரலில் ஜலந்தர்ப் பகுதியில் விழுந்த விண்கல்லைப் பெற்ற மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், உஸ்தாத் தாவூத் என்னும் கொல்லரிடம் அதனைக் கொடுத்து வாளும் குத்துவாளும் கத்தியும் செய்யப் பணித்தார். சம்மட்டி பட்டதும் அவ்விரும்பு நொறுங்கியது. மூன்று பங்கு விண்ணிரும்போடு ஒரு பங்கு சாதாரண இரும்பைக் கலந்த பின்னரே அது அடிதாங்கியது. பேரரசரின் நினைவுக் குறிப்புகளே இதற்குச் சான்று. வானம் தந்தது மூலப்பொருளை மட்டுமே. அதனைப் படைக்கலமாக்கியவை மண்ணின் இரும்பும் தொழிலாளியின் அறிவுமாகும். எனினும் வாஷிங்டன் அரும்பொருளகத்தில் இன்றுள்ள அக்கத்தி, ஜஹாங்கீரின் கத்தி என்றே வழங்குகின்றது.

மோதிரத் தொழிலிற் பெயர்பெற்ற கிபியொன் விண்கல் நமீபியாவில் விழுந்தது. அங்கு வாழும் நாமா மக்கள் அதிலிருந்து ஈட்டிமுனைகளும் கருவிகளும் செய்துவந்தனர். ஜே. ஈ. அலெக்சாண்டர் என்னும் பிரித்தானியப் படை அதிகாரி சேகரித்த மாதிரிகள் இலண்டனை அடைந்த பின்னரே ஐரோப்பிய விஞ்ஞானம் அதனை அறிந்தது. நிக்கல் கலந்த இரும்பு பல இலட்சம் ஆண்டுகள் மெல்லக் குளிர்ந்ததால் உருவான குறுக்குக் கோடுகளே இன்று விலைபேசப்படுகின்றன. நாமா மக்களிடம் பயன்பெறுமதி கொண்டிருந்த பொருள், சந்தையிற் பரிமாற்றப் பெறுமதியாக உருமாறியது.

ஒளிர்வின் வரலாறோ கொடியது. 1917 முதல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்துத் தொழிற்சாலையொன்றில் இளம்பெண்கள் கடிகார முகங்களுக்கு ரேடியம் கலந்த வண்ணம் தீட்டினர். தூரிகையை உதட்டாற் கூராக்குமாறு அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ரேடியம் எலும்பிற் படிந்து, பலருக்குத் தாடை அழுகியது. ஐவர் தொடுத்த வழக்கு 1928இற் சமரசமாக முடிந்தது. இன்றைய மோதிரங்களில் பெரிதும் பயன்படும் ஸ்ட்ரொன்சியம் அலுமினேற்று கதிரியக்கமற்றது; ஒளியை உள்வாங்கிப் பின்னர் வெளிவிடுவது. ஆயினும், ஒளிரும் பண்டத்தின் பின்னே உழைத்தவரின் உடல் மறைந்திருக்கக்கூடும் என்பது அவ்வரலாறு தரும் பாடமாகும்.

இம்மறைப்பை எல்கடுவயிலும் காணலாம். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே கால்நடையாக மாத்தளை வந்தோரின் வழித்தோன்றல்களே இம்மலைகளிற் கொழுந்து பறிப்பவர்கள். கடனோடு தொழிலாளியைப் பிணைத்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது, கடன் ஒழியவில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1000 ரூபாவை எட்டியது 2021இலேயே. அக்கூலியில் ஒரு சதமும் செலவழியாது எழுபது நாட் சேர்த்தாலும் அவ்வாண்டில் ஒரு பவுன் தங்கம் வாங்கியிருக்க முடியாது. ஆதலின் தாலிப் பொன் கழுத்தில் இருப்பதும் அடகுக்கடையில் இருப்பதும் இங்கு மாறி மாறி நிகழ்கின்றன. அது அணி மட்டுமன்று. நோய்க்கும் பிள்ளையின் படிப்புக்கும் ஒதுக்கிய சேமிப்புமாகும். பொன் அடகில் இருக்கையில் மஞ்சட் கயிறே மணத்தின் அடையாளமாகக் கழுத்தில் எஞ்சுகின்றது.

தாலியைப் பெண்ணடிமையின் சின்னமாகக் காண்போரின் கூற்றில் உண்மை உண்டு. ஆயின், அப்பொன்னைத் தன் கூலியால் மீட்பவளும் பெரும்பாலும் அப்பெண்ணே என்பதனையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

2017இல் வானியலாளர் அவதானித்த நியூத்திரன் விண்மீன்களின் மோதல், பொன் போன்ற கனமான தனிமங்கள் அத்தகைய மோதல்களிற் பிறப்பதற்குச் சான்றளித்தது. எனவே, எல்கடுவப் பெண்ணின் தாலிப் பொன்னும் விண்ணிற் பிறந்ததே. விண்கல் மோதிரத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு வானத்தால் ஏற்பட்டதன்று. நிலத்தின் உற்பத்தி உறவுகளால் ஏற்பட்டது. மோதிரத்தின் பிறப்பைக் கூறி விற்கும் சந்தை, தாலியை மீட்கும் உழைப்பைக் கூறுவதில்லை. அதனைக் கூறுவது வரலாற்றாசிரியரின் கடன்.