தந்தையின் போர்க்கால நாட்குறிப்பு

படையிற் பணிபுரிந்த தந்தையின் நாட்குறிப்பொன்று மைந்தர் கைக்கு வருமாயின், அதனை எவ்வாறு ஆராய்வது? விடை தேடக் கண்டிக்கு வாருங்கள், நேயர்களே.

1944ஆம் ஆண்டு ஏப்ரலில், தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு தமது தலைமையகத்தைத் தில்லியிலிருந்து பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றினார். அவ்வேளை இம்பாலிலும் கோகிமாவிலும் கடும்போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. அவருடைய நாட்குறிப்பு, பிலிப் சீக்ளர் பதிப்பிக்க, 1988இல் நூலாயிற்று.

தளபதியின் சொல் நூலாகிறது. சாதாரண வீரனின் சொல்லோ பெட்டியடியிற் செல்லரிக்கிறது. அதற்குப் பதிப்பாசிரியர் அவன் பிள்ளைகளே.

நாட்குறிப்பில் கண்டதும் இருக்கும். செவிவழி கேட்டதும் இருக்கும். பகைவர் கைக்குச் சென்றுவிடுமோ என்றஞ்சி இடப்பெயரை மறைத்தலும் உண்டு. ஆதலின் முதலில் தேடவேண்டியவை தந்தையின் படை எண்ணும் பிரிவின் பெயருமே. பிரித்தானியத் தலைமையில் இயங்கிய படைப்பிரிவுகள் முறையாக எழுதிவந்த போர்க்குறிப்பேடுகள் பல, இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இரண்டையும் நாள்வாரியாக ஒப்பிட்டால், மழையில் நடந்தோம் என்னும் ஒற்றை வரிக்கும் இடமும் காரணமும் புலனாகும். முரண்பட்டால் இரண்டையும் குறித்துக்கொள்க; தந்தை சொல்லைத் திருத்தலாகாது.

கண்டிப் போர்க்கல்லறையில் பிரித்தானியர், கிழக்காபிரிக்கர், இலங்கையர், இந்தியர் என ஏறத்தாழ 200 பேர் துயில்கின்றனர். பெரும்பாலான கற்களிற் பெயருண்டு, பிரிவுண்டு, மறைந்த நாளுண்டு. அவர்கள் அஞ்சியதும் ஏங்கியதும் அங்கில்லை. அவற்றைச் சொல்லவல்லது கையெழுத்து ஏடொன்றே.

பழங்காகிதமென்று எரிக்குமுன், ஒருமுறை விரித்துப் பாருங்கள்.