நாய்ச் சண்டையும் ஊர்ச் சமாதானமும்

ஒரு தெருவில் இரண்டு வீட்டு நாய்கள் கடித்துக்கொள்கின்றன. ஒன்றுக்குக் காது கிழிந்துபோகிறது. கிழிந்த காதுக்குச் சொந்தக்காரர் எதிர் வீட்டு வாசலில் போய் நின்று கத்துகிறார். "ஒங்க நாயக் கட்டிப் போட்டு வளத்தா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?" எதிர் வீட்டுக்காரரும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கிறார். பக்கத்து வீட்டுக் கிழவி வந்து இரண்டு பேரையும் வைகிறாள். சாயங்காலம் மாட்டாஸ்பத்திரிச் செலவை ஒருவர் கொடுத்துவிடுகிறார். நாய்க்கு ஒரு சங்கிலி வாங்கப்படுகிறது. மறுநாள் காலை இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே குழாயடியில் குடத்தை வைக்கிறார்கள். கதை முடிந்தது.

சட்டமும் இதை இந்த அளவில்தான் வைத்திருக்கிறது. வளர்ப்பு விலங்கை அசட்டையாக விட்டு அடுத்தவருக்கு ஆபத்து உண்டாக்கினால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 291ஆம் பிரிவாகி, அபராதம் ஐயாயிரம் வரை உயர்ந்திருக்கிறது. ஒரு நாய்த் தகராறின் கனம் அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கதையில் நாம் கவனிக்காமல் தாண்டிவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. அந்த இரண்டு பேரும் ஒருவர் வாசலில் ஒருவர் போய் நின்று கத்த முடிந்தது. கத்திவிட்டு உயிரோடு திரும்பி வர முடிந்தது. சமாதானம் பிறகுதான் வந்தது. சண்டை போடுகிற உரிமை முதலில் இருந்தது. அந்த உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டும் இருக்கிற இடத்தில் நாய்த் தகராறு எப்படித் தீர்க்கப்படுகிறது?

அரியானா மாநிலம் ஹிசார் மாவட்டத்தில் மிர்ச்பூர் என்றொரு கிராமம். நிலமும் அதிகாரமும் ஜாட் சாதியார் கையில். தலித்துகளான வால்மீகி மக்கள் ஒரு பக்கமாகக் குடியிருந்தார்கள். 2010 ஏப்ரல் 19 அன்று குடித்திருந்த ஜாட் இளைஞர்கள் சிலர் வால்மீகிகள் தெரு வழியாகப் போனார்கள். ஒரு வீட்டு நாய் அவர்களைப் பார்த்துக் குரைத்தது. நாய் யாரையும் கடித்ததாகப் பேச்சில்லை. அந்நியர் வந்தால் நாய் குரைக்கும். அதற்காகத்தான் நாய் வளர்ப்பது. இளைஞர்களில் ஒருவர் அதன்மேல் கல்லெறிந்தார். நாய்க்குச் சொந்தமான வீட்டுப் பையன் ஒருவன், ஏன் அடிக்கிறீர்கள் என்று தட்டிக்கேட்டான். கைகலப்பு ஆனது.

நாய் குரைத்தது குற்றமாகவில்லை. ஏன் என்று கேட்ட அந்த வார்த்தைதான் குற்றமாகிப் போனது.

அடுத்து நடந்ததை, அக்கம்பக்கத் தகராறைப் பேசித் தீர்க்கலாமே என்று நமக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். வால்மீகி மக்கள் பேசித் தீர்க்கத்தான் முயன்றார்கள். அவர்களில் மூத்தவர்கள் இரண்டு பேர் ஜாட்டுகளிடம் மன்னிப்புக் கேட்கப் போனார்கள். கல்லெறிந்தவன் வரவில்லை, கல்லடி பட்ட நாயின் பக்கத்து ஆட்கள் மன்னிப்புக் கேட்கப் போனார்கள். போன இடத்தில் அவர்களுக்கு அடி விழுந்தது. ஒருவருக்குப் பலத்த காயம்.

ஏப்ரல் 21. ஜாட் கும்பல் ஒன்று வால்மீகிகள் குடியிருப்பில் புகுந்தது. போலீஸ் ஊரில் இருக்கும்போதே 18 வீடுகள் எரிந்தன. போலியோவால் நடக்க முடியாத ஓர் இளம்பெண் எரியும் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வர முடியாமல் செத்துப்போனாள். அவளுடைய வயதான தகப்பனாரும் தீக்காயத்தால் இறந்தார். 254 வால்மீகிக் குடும்பங்கள் ஊரைவிட்டு ஓடின.

"நாய்க்காக நடந்த கலவரம்" என்ற மாதிரி அன்றைக்குச் செய்திகள் வந்தன. வாசிக்கிறவருக்கு, அட, ஒரு நாய்க்காகவா என்றுதான் தோன்றும். இந்த வியப்பு சாதியை மறைக்கிற திரை. நாய்க்கும் சாதிக்கும் உள்ள உறவு இந்த நாட்டில் நேற்று முளைத்ததில்லை. மனுநூலின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு ஊருக்கு வெளியே குடியிருப்பு, பிணத்தின் துணி, உடைந்த பாத்திரம், இரும்பு நகை என்று விதித்து, அவர்களுடைய சொத்து நாயும் கழுதையும் என்று எழுதி வைத்திருக்கிறது. 'சுவபசர்' என்று, நாயைச் சமைத்துத் தின்கிறவர் என்ற பொருளில், ஒரு கூட்டத்துக்கே பெயர் வைத்தது. நாயை மனிதனோடு சேர்த்துக் கட்டி, இரண்டையும் ஊருக்கு வெளியே தள்ளியது அந்தச் சட்டம்.

இராமாயணத்தின் உத்தரகாண்டத்தில் சில பாடங்களில் ஒரு கதை வருகிறது. ஒரு பார்ப்பனர் தன்னை அடித்துவிட்டதாக ஒரு நாய் இராமனின் சபைக்கு வந்து முறையிடுகிறது. சபை கூடி விசாரிக்கிறது. அடித்தவருக்கு என்ன தண்டனை என்று நாயிடமே கேட்கப்படுகிறது. நல்ல கதைதான். ஆனால் அதே உத்தரகாண்டத்தில்தான் தவம் செய்த சூத்திரனாகிய சம்பூகனின் தலை வெட்டப்படுகிறது. நீ யார், என்ன சாதி என்று ஒரே கேள்வி. பதில் வந்ததும் வாள். நாய்க்குக் கிடைத்த சபை சம்பூகனுக்குக் கிடைக்கவில்லை. 1931 ஆகஸ்டில் பம்பாயில் காந்தியைச் சந்தித்தபோது, நாய் பூனையைவிடக் கேவலமாக எங்களை நடத்துகிற நாட்டை எப்படி என் நாடென்று சொல்வது என்ற பொருளில் அம்பேத்கர் கேட்டார். அவர் அதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை.

நம்ம ஊரிலும் இந்தக் கதை உண்டு. தெருவில் திரிகிற சொந்தக்காரனில்லாத நாய்க்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் 'பறையா நாய்'. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியில் அது தனிச் சொல்லாகவே ஏறிவிட்டது. தமிழ்நாட்டுச் சாதிப் பெயர் ஒன்று, எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாத நாய்க்கு அடைமொழியாகி உலகம் சுற்றியது. இன்னொரு பக்கம், தென்மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற தடை இருப்பதை, தீண்டாமை பற்றிக் கள ஆய்வு செய்த அமைப்புகள் 2000களில் வெளியே கொண்டுவந்தன. சேரி ஆண் நாய் ஊர்ப் பெட்டை நாயோடு சேர்ந்துவிடக் கூடாதாம். சாதிக் கலப்பைப் பற்றிய பயம் நாய் வரைக்கும் இறங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் இரண்டு நாய்கள் கடித்துக்கொண்டால் அது நாய்ச் சண்டையாக எப்படி நிற்கும்?

அதனால்தான் 'சமாதானம்' என்ற சொல்லை நாம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. சமாதானம் பேச இரண்டு பக்கமும் ஒரே பாயில் உட்கார வேண்டும். இங்கே உட்காருவதே தகராறு. 1957இல் முதுகுளத்தூர்ப் பகுதியில் சாதி மோதல்கள் மூண்டபோது, செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் சமாதானக் கூட்டம் கூட்டினார். தேவேந்திரர்களின் பிரதிநிதிகளில் ஒருவராக இம்மானுவேல் சேகரன் போயிருந்தார். மற்றத் தலைவர்களுக்குச் சமமாக அவரை ஏற்க முடியுமா என்பதே அங்கே கேள்வியாக எழுந்தது என்பது பதிவாகியிருக்கிறது. மறுநாள் செப்டம்பர் 11 இரவு பரமக்குடியில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். சமாதானக் கூட்டத்துக்கும் கொலைக்கும் நடுவே ஒரு நாள்தான். முதுகுளத்தூருக்கும் மிர்ச்பூருக்கும் ஐம்பது வருடத்துக்கு மேல் இடைவெளி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஓரிடத்தில் சமமாகப் பேசப் போனவர் கொல்லப்பட்டார். இன்னோரிடத்தில் பணிந்து மன்னிப்புக் கேட்கப் போனவர்கள் அடிக்கப்பட்டார்கள். நிமிர்ந்தாலும் அடி, குனிந்தாலும் அடி என்றால் அந்தச் சமாதானத்துக்கு என்ன பெயர் வைப்பது?

மிர்ச்பூரில் மூன்றாவது ஒரு வழியும் இருந்தது. நீதிமன்றம். உள்ளூரில் வைத்துச் சாட்சிகள் பயமில்லாமல் பேச முடியாது என்பதால், 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை ஹிசாரிலிருந்து டெல்லிக்கு மாற்றியது. ரோகிணி நீதிமன்றத்தில் 97 பேர்மேல் விசாரணை நடந்தது. 2011 செப்டம்பர் 24 அன்று 15 பேர் மட்டும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 82 பேர் விடுதலை. மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை. பாதிக்கப்பட்டவர்களும் அரசும் மேல்முறையீடு போனார்கள். ஏழு வருடம் கழித்து, 2018 ஆகஸ்ட் 24 அன்று, நீதிபதிகள் எஸ். முரளிதரும் ஐ.எஸ். மேத்தாவும் இருந்த டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, விடுதலையானவர்களில் 20 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. மொத்தம் 33 பேர். 12 பேருக்கு ஆயுள். வால்மீகி வீடுகள் குறிவைத்துத் தாக்கப்பட்டன என்பதை அந்தத் தீர்ப்பு சந்தேகமில்லாமல் சொன்னது. சமத்துவமும் சகோதரத்துவமும் இந்தியச் சமூகத்தில் இல்லை என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்னதை எடுத்துக்காட்டி, அந்த இல்லாமைக்கு மிர்ச்பூர் ஒரு சாட்சி என்றது.

அந்தத் தீர்ப்பில் பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. ஓடிப்போன 254 குடும்பங்களில் சில ஊர் திரும்பின. திரும்பியவர்கள் யார்? வழக்கில் அரசுத் தரப்புக்கு ஆதரவாக நிற்காதவர்கள். சாட்சி சொன்னவர்கள் திரும்பவில்லை. அவர்களுக்கு மிர்ச்பூருக்கு வெளியே, தந்தூர் என்ற இடத்தில், தனிக் குடியிருப்பு அமைத்துத் தருவதாக அரியானா அரசு சொன்னது. சொந்த ஊரில் மறுபடி குடியமர்த்தாமல் வேறிடத்தில் தனியாக வைப்பது அரசியல் சட்டம் தந்த வாக்குறுதிக்குப் பொருந்துமா என்று நீதிமன்றமே கேட்டது.

இதுதான் ஊர்ச் சமாதானத்தின் விலைப்பட்டியல். வாயை மூடிக்கொண்டால் ஊர் உண்டு. வாயைத் திறந்தால் நீதி கிடைக்கலாம், ஊர் கிடையாது. வீடு எரித்தவன் சொந்த வீட்டில். எரிந்த வீட்டுக்காரன் வேறு ஊரில். புதிய குடியிருப்பு என்று அரசு சொல்வதை மனுவின் மொழியில் சொன்னால் ஊருக்கு வெளியே இன்னொரு சேரி.

"கேஸ் கீஸுன்னு போனா வருசக் கணக்கா அலையணும், பேசி முடிச்சிக்கங்க" என்று காவல் நிலையத்தில் எழுத்தர் சொல்லுவார். "நாளைக்கு இந்த ஊர்லதானே பொழைக்கணும்" என்று ஊர்ப் பெரியவர் சொல்லுவார். இரண்டும் கேட்க நியாயமான வார்த்தைகள். தயங்கினால் எதிர்ப் புகார் ஒன்று தயாராக இருக்கும். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டதே இந்த மாதிரிச் சமாதானங்களின் அனுபவத்திலிருந்துதான். அதன்கீழ் வரும் குற்றங்கள், இரு தரப்பும் தாங்களாகவே ராஜி செய்து முடித்துக்கொள்கிற குற்றங்களின் பட்டியலில் இல்லை.

இதிலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் 1994இல் நிலத் தகராறில் பக்கத்து வீட்டுக்காரர்மேல் செங்கல் எறிந்து சாதியைச் சொல்லித் திட்டியதாக ஒரு வழக்கு. இரு தரப்பும் சமரசமானதால், 2021 அக்டோபர் 25 அன்று உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தின்படி அதை ரத்து செய்தது. அடிப்படையில் அது சொத்துத் தகராறு, சாதிக்காக நடந்ததில்லை என்பது நீதிமன்றத்தின் பார்வை. கூடவே, மிரட்டலாலோ வற்புறுத்தலாலோ வந்த சமரசமா என்று நீதிமன்றங்கள் மிகுந்த எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த எச்சரிக்கையைத்தான் நாம் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மிர்ச்பூரையும் 'அடிப்படையில் நாய்த் தகராறு' என்று சொல்ல ஆள் இருந்தது.

1932 அக்டோபரில் பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது, ஊர்ப் பஞ்சாயத்தின் கையில் நீதி வழங்கும் அதிகாரத்தைக் கொடுப்பதை அம்பேத்கர் எதிர்த்தார். சாதியாகப் பிரிந்து கிடக்கிற ஊரில் பஞ்சாயத்தார் நடுவராக இருக்க முடியாது, ஒரு பக்கத்துக்காரராகத்தான் இருப்பார் என்பது அவருடைய வாதம். கிராமத்தைச் சொர்க்கமாகப் பாடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கசந்தது. சேரிக்காரருக்கு அதில் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவுமில்லை.

அப்படியானால் சமாதானமே வேண்டாமா? வேண்டும். நம்மைவிட அதிகமாக அது தேவைப்படுகிறவர் யாருமில்லை; எரிவது நம் வீடுதான். ஆனால் எது சமாதானம் என்பதற்கு நம்மிடம் ஒரு அளவுகோல் இருக்க வேண்டும். கல்லெறிந்தவன் வந்து பேசுகிறானா, கல்லடி பட்டவன் போய்க் கும்பிடுகிறானா? பேச்சு நடக்கிற இடம் யாருடைய திண்ணை? உட்கார எல்லாருக்கும் ஒரே பாயா? கொடுத்த புகாரைத் திரும்ப வாங்குவது நிபந்தனையாக வைக்கப்படுகிறதா? பேசி முடித்த மறுநாள் நம் பிள்ளை அந்தத் தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போக முடிகிறதா? ராஜிப் பத்திரத்தில் கைநாட்டு வைக்கச் சொல்லி யாராவது வந்தால், முதலில் இவற்றைக் கேட்க வேண்டும். கேட்கிறவர் தனியாகக் கேட்காமல் இயக்கமாகச் சேர்ந்து கேட்க வேண்டும். மிர்ச்பூரில் போனவர்கள் இரண்டு பேர்தான்.

அந்நியர் வந்தால் நம் வீட்டு நாய் குரைக்கும். அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. கல்லெறிந்தால் ஏன் என்று கேட்கிற பையனுக்கும், கேட்டுவிட்டு அதே ஊரில் அவன் வாழ்வதற்கும் வழி செய்கிறதுதான் சமாதானம்.