கம்பேனியனுக்குப் பின் ஷாக்

மெட்ராஸின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. அதே காரின் ஸ்டேஷன் வேகன்தான் கம்பேனியன்.

அக்கால அம்பாசிடர் காரின் பின்பக்கம் முழு அச்சு, இரண்டு லீஃப் ஸ்பிரிங், முரட்டுத்தனமானது, எளியது. ஹெரால்டில் குறுக்கே ஒரே ஸ்பிரிங். சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும். திருப்பத்தில் பின்பக்கம் தூக்கினால் சக்கரம் உள்நோக்கி மடங்கும். அதிர்வை அடக்குவதோடு, சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதையும் ஷாக் அப்சார்பரே தீர்மானிக்கிறது. ஷாக்கை மாட்டும் கண்ணின் அளவு பொருந்துகிறதே என்று நீளமானதை மாட்டுவது ஆபத்து. சுருங்கிய நீளம், விரிந்த நீளம் இரண்டையும் அளந்தே வாங்க வேண்டும்.

பாரம் தாங்குவது ஸ்பிரிங், ஷாக் அல்ல. சாமான் சுமந்து பின்பக்கம் தாழ்ந்த வேகனுக்குப் புது ஷாக் மட்டும் போட்டால் உயரம் திரும்பாது.

ஹெரால்டு வந்த அதே 1961இல்தான் கேப்ரியல் இந்தியாவும் தொடங்கப்பட்டு, ஷாக் அப்சார்பர் உள்நாட்டிலேயே உருவானது. ஸ்டாண்டர்ட் ஆலை மூடிய பிறகு அந்தப் பழைய கார்களை வைத்திருப்போருக்கு இரண்டு வழிகள்: புதிய உதிரிபாகங்களுக்கு ராயப்பேட்டையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, கழற்றிய பாகங்களுக்குப் புதுப்பேட்டை. தேய்ந்த பழைய ஷாக்கைக் கையோடு எடுத்துப்போய், புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதே நல்லது. இடது, வலது இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.