சுவரைத் தொடாத தோரணம்

மதுரைச் சிம்மக்கல் பகுதியில் திண்ணை வைத்த பழைய வீடுகள் இன்று அருகிவிட்டன. எஞ்சிய ஒன்றைக் காண நேர்ந்தால், மாணவர்களே, அதன் வாயில் நிலையைச் சற்றே நோக்குங்கள். நிலையின் மேற்கட்டையில், இரு கோடியிலும் இரு சிறு ஆணிகள் துருவேறி நிற்கக் கூடும். அவ்வீட்டில் எத்தனை திருமணங்கள் நடந்திருப்பினும் மாவிலைத் தோரணம் அவ்விரண்டிலேயே கட்டப்பட்டிருக்கும். மரத்தில் ஆணி அடிப்பார்கள். சுவரில் அடிக்க வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள்.

காரணம் சுண்ணாம்பு. செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையால் இணைத்து, மேற்பூச்சைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது நம் கொத்தர்கள் கண்ட முறை. 1636ஆம் ஆண்டில் எழுந்த திருமலை நாயக்கர் மகால் அம்முறைக்குப் புகழ் வாய்ந்த சான்று. அத்தகைய பூச்சில் ஓர் ஆணியை அடித்தால் துளை மட்டுமா விழும்? சுற்றியுள்ள காரையும் அடையாகப் பெயரும். பெயர்ந்த இடத்தில் மழைநீர் புகும். ஒரு நாள் விழாவுக்காக ஒரு தலைமுறைச் சுவரை யார் இழப்பார்?

ஆகவே அலங்காரத்துக்கென்று தனிக் கால்கள் அமைத்தனர். அதுவே பந்தல். மூங்கிற் கால்களை மண்ணில் ஊன்றி, குறுக்கே கழிகளைக் கட்டி, குருத்தோலையும் பூச்சரமும் அவற்றில் தொங்கவிட்டனர். பாரம் முழுவதும் நிலத்துக்கே போயிற்று. சுவர் ஒன்றையும் சுமக்கவில்லை. திருமண வேலைகள் முகூர்த்தக்கால் நடுவதோடு தொடங்குவதை நீங்கள் அறிவீர்கள். வீட்டுக்குள்ளே, உத்தரத்தில் ஊஞ்சலுக்கென மாட்டிய இரும்பு வளையங்களே பூச்சரங்களையும் தாங்கின.

இது மதுரைக்கு மட்டும் உரிய வழக்கமன்று. காவிரிப்பூம்பட்டினத்து இந்திரவிழாவை முரசறைந்து அறிவிக்கும் பகுதி ஒன்று மணிமேகலையில் உண்டு. கமுகும் வாழையும் கரும்பும் நடச் சொல்கிறது அந்த அறிவிப்பு. முத்துமாலைகளைத் தூண்களில் தொங்கவிடச் சொல்கிறது. வீதியில் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்பவும் சொல்கிறது. மணல் வீதியில் வாழை நடுவது எவ்வளவு எளிது என்று எண்ணிப் பாருங்கள்!

துணி அலங்காரத்துக்கும் இதே நெறிதான். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரேயுள்ள புது மண்டபத்தில் தையற்கலைஞர்கள் பல்லாண்டுகள் அமர்ந்து, விழாக்களுக்கான தொம்பைகளைத் தைத்துவந்தனர். தொம்பை என்பது உருளை வடிவில் தொங்கும் வண்ணத் துணி. தலைப்பில் வளையமும் கயிறும் இருப்பதால், எந்தக் கழியிலும் கட்டலாம். அவிழ்த்து மடித்து அடுத்த ஆண்டுக்கும் வைக்கலாம்.

சிமெண்டு வந்தபின் சுவர் உறுதியாயிற்று. நமக்கும் துணிவு வந்துவிட்டது. இன்று பிறந்தநாள் விழா முடிந்ததும் பசைநாடாவை உரிக்கிறோம். வண்ணப்பூச்சும் உடன் உரிந்து வருகிறது. வாடகை வீடாயின் அந்தச் செலவு முன்பணத்தில் கழியும். சன்னற்கம்பி ஒன்றிலிருந்து எதிர்ச் சன்னற்கம்பிக்கு ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினால் போதும். காகிதச் சரமும் பலூனும் அதிலேயே தொங்கும். தாழ்வாரத் தூணில் வாழைக்கன்றை வாழைநாராலேயே கட்டிவிடலாம். விழா முடிந்த மறுநாள் நாரை அறுத்தால் வேலை தீர்ந்தது. வாழை மாட்டுக்குப் போகும்; பந்தற்கால் இருந்த குழியை ஒரு கூடை மண் மூடிவிடும்.